கீரனேந்தல் மதகும் பதின்மூன்றாம் வாழ்க்கையும்

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டின் மாசி மாதக் கடைசியில், பெருமழை ஓய்ந்து மூன்று மாதங்கள் ஆகியும் மண்ணின் ஈரம் முற்றிலும் வற்றாத ஒரு முற்பகலில், தாட்சாயிணி கொளஞ்சியை முதன்முதலாகச் சந்தித்தார். கீரனேந்தல் ஏரிக்கரையில், வடிகால் மதகின் இரும்புச் சக்கரத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார் கொளஞ்சி. இடக்கையால் தடவினார். வலக்கையைத் தோளுக்கு மேலே தூக்க அவரால் இயலவில்லை. தாட்சாயிணி அதைப் பார்த்தார். பார்த்ததைத் தம் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டார். பின்னர் நூல் எழுதியபோது அந்தக் குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

தாட்சாயிணிக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. சிதம்பரம் கீழ வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருந்தார். கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்தவர். அத்தனை ஆண்டுகளும் காலைப் பேருந்தில் போய் மாலைப் பேருந்தில் திரும்பியவர். மாணவி அரசனின் பெயரைத் தவறாக எழுதினால் ஒரு மதிப்பெண் குறைப்பார். வாக்கியத்தைத் தவறாக எழுதினால் இரண்டு குறைப்பார். ஏனென்று கேட்டால், "அரசன் செத்துப் போயிட்டான்மா, வந்து சண்டை போட மாட்டான். மொழி உயிரோட இருக்கே, அது சண்டை போடும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்காலத்தில் அவர் பலமுறை கூசியதுண்டு.

பணியில் இருந்தபோதே தொடங்கிப் பதினோர் ஆண்டுகளாக அவர் ஒரு வேலையைச் செய்துவந்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்க, உரோமத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளை ஆங்கிலத்தில் படித்து, அவற்றுள் பன்னிரண்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற தமிழில் சுருக்கி எழுதினார். அந்தப் பழைய ஆசிரியர்கள் போர்களைவிடச் சிறிய செயல்களையே பெரிதாக மதித்தார்கள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. தலைவன் ஒருவன் தோற்றவனிடம் எப்படிப் பேசினான், பஞ்சத்தில் யாருடைய களஞ்சியத்தை முதலில் திறந்தான், தன்னைத் திட்டியவனை எந்தக் குரலில் திருப்பி அழைத்தான் என்பவற்றைக் கொண்டே அவனை எடைபோட்டார்கள். இருவரின் வாழ்க்கையைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டார்கள். ஆள்பவன் அதைப் படித்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல், தன் முகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். தாட்சாயிணி அதை முழுமையாக நம்பினார். பன்னிரண்டு வாழ்க்கைகளும் முடிந்தன. அச்சிடத்தான் ஒருவரும் முன்வரவில்லை.

அந்நிலையில்தான், ஊரார் 'சேர்மன்' என்று அழைக்கும் ஒன்றியப் பெருந்தலைவர் பழனிவேல் ஆளனுப்பினார். வைகாசியில் அவருக்கு மணிவிழா. விழாவில் தம் வாழ்க்கை வரலாறு ஒன்று வெளிவர வேண்டும் என்று அவர் விரும்பினார். தாட்சாயிணியின் கையெழுத்துப் படியைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பணிவாகவே பேசினார்.

"டீச்சர், இந்த ராஜாக்களுக்கு நடுவுல எனக்குச் சிம்மாசனம் வேணாம். கடைசி பெஞ்சுல ஓரமா ஒரு எடம் குடுங்க, போதும். பதிமூணாவது ஆளா நான். புக்கு நம்ம ஒன்றியத்துல இருக்கற அத்தினி ஸ்கூலுக்கும் போவும். அதுக்கு நான் பொறுப்பு."

"உங்களப் பத்தி எதை எழுதறது?"

"வெள்ளத்துல கீரனேந்தல் ஏரி ஒடையாம காப்பாத்துனது யாரு? கெழக்குப் பேட்டையில போயி கேட்டுப் பாருங்க. எம் பேரத்தான் சொல்லுவாங்க."

தாட்சாயிணி கேட்காமல் எழுதுகிறவர் அல்லர். புதுச்சத்திரத்தில் பேருந்தைவிட்டு இறங்கி, ஆட்டோ பிடித்துக் கிழக்குப் பேட்டைக்குப் போனார். அங்கிருந்தவர்கள் பழனிவேலின் பெயரைத்தான் சொன்னார்கள். தண்ணீர் ஏறிய பிற்பகலில் அவர்கள் அனைவரும் பள்ளிக் கட்டடத்தில் இருந்தார்கள். கரையில் நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. தெற்கு மதகு திறந்தது, தங்கள் வீடுகள் தப்பின. மேலிடத்து உத்தரவு இல்லாமல் மதகு திறக்குமா என்ற எண்ணத்தில் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. ஆயினும் சக்கரத்தைச் சுற்றிய கையையும் கேட்டுவிடுவோம் என்று அவர் கரையேறினார். அந்த ஏரியின் நீர்க்காவலர் கொளஞ்சி. ஊரார் 'லஸ்கர்' என்று அழைப்பார்கள். ஏரிக்கு ஒரே ஒரு லஸ்கர்தான்.

கொளஞ்சி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"உத்தரவா? அது எங்கேருந்து வரும் டீச்சர்? ஆபீசுக்கு அடிச்சேன், யாரும் எடுக்கல. சேர்மனுக்கு அடிச்சேன். தொறக்காதடா, தெக்க எங் கரும்பு நிக்குது, வெட்டுக்கு ஒரு மாசந்தான் இருக்குதுன்னாரு. கெழக்க நூத்தி எம்பது வீடு. கர கசிய ஆரம்பிச்சிடுச்சி. அப்பறம் இன்னா பண்றது? நானே தொறந்துட்டேன்."

"சக்கரம் சுலபமா சுத்திச்சா?"

"எங்க சுத்துச்சி! கடப்பாறையக் குடுத்து நெம்புனதுல தோளு போச்சி."

"உங்க வீடு எந்தப் பக்கம்?"

"அதுவும் தெக்கதான். அதுவும் போச்சி" என்று சொல்லிவிட்டு, வேறு யாருடைய வீட்டைப் பற்றியோ பேசுவதுபோல் சிரித்தார். பிறகு முகம் மாறினார். "டீச்சர், எம் பேர மட்டும் போட்றாதீங்க. உத்தரவு இல்லாம தொறந்தேன்னு மெமோ குடுத்துடுவாங்க. இன்னும் மூணு வருசம் சர்வீசு இருக்குது."

"போட மாட்டேன்" என்று தாட்சாயிணி வாக்களித்தார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். அவருடைய குற்றம் அந்த வாக்குக்குள்ளேயே ஒளிந்துகொண்டது.

முதலில் நடந்ததை நடந்தபடியே எழுதினார். எழுதியதைப் பழனிவேலிடம் கொடுக்க முடியாது என்பது எழுதும்போதே தெரிந்தது. கொடுத்தால் பதின்மூன்றாவது வாழ்க்கை மட்டுமன்று, முன்னுள்ள பன்னிரண்டும் மறுபடியும் அலமாரிக்குள் போய்விடும். மூன்று நாள்கள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு நியாயம் தோன்றியது. ஒரு தலைவன் செய்யாத நற்செயலை அவன் செய்ததாக எழுதினால், ஊர் அதை நம்பினால், அடுத்த முறை வெட்கத்துக்கு அஞ்சியாவது அவன் அதைச் செய்வான் அல்லவா? பழைய ஆசிரியர்கள் கண்ணாடி பிடித்தது அதற்குத்தானே? அந்த நியாயம் அவ்வளவு அழகாக இருந்தமையால் அதைச் சோதித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

ஒப்பிட ஒருவர் வேண்டியிருந்தது. பன்னிரண்டு வாழ்க்கைகளிலும் வீரனுக்கு எதிரே ஒரு கோழை, ஈகையாளனுக்கு எதிரே ஒரு கஞ்சன் நின்றார்கள். பதின்மூன்றாவதில் பழனிவேல் தனியே நின்றார். எனவே அவர் இப்படி எழுதினார்:

'சக்கரத்தருகே நின்ற காவலாளி கை நடுங்கிப் பின்வாங்கினான். தலைவரோ, முதலில் மூழ்குவது என் கரும்பாக இருக்கட்டும் என்று கூறி, தம் கைகளாலேயே சக்கரத்தைச் சுற்றினார்.'

வாக்கியங்கள் இரண்டும் பிசிறில்லாமல் அமைந்தன. உரக்கப் படித்துப் பார்த்தார். காவலாளிக்குப் பெயர் இல்லை. கொளஞ்சி கேட்டுக்கொண்டதும் அதுதானே என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

வைகாசியில் சிதம்பரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நூல் வெளியாயிற்று. ஆயிரம் படிகள். வீட்டுக்கு எடுத்துவந்து பார்த்தபோது பதினோர் அச்சுப்பிழைகள் தென்பட்டன. தாட்சாயிணிக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளே பிழைதிருத்தச் சீட்டு அடித்து, பசைக் கிண்ணத்தோடு அமர்ந்து, ஆயிரம் படிகளிலும் தம் கையாலேயே ஒட்டினார். ஐந்து நாள்கள் பிடித்தன. பதினோரு பிழைகளுக்கும் சீட்டில் இடம் இருந்தது.

அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் அவர் அதைப் பற்றி அதிகம் நினைக்கவில்லை. கொளஞ்சியின் பணிக்கு ஊறு நேரவில்லை. பிள்ளைகள் பன்னிரண்டு தலைவர்களைப் பற்றிப் படித்தார்கள். ஊர்தோறும் பள்ளிகளில் பேச அழைத்தார்கள். அப்படித்தான் இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டுச் சுதந்திர நாளில், கீரனேந்தல் நடுநிலைப் பள்ளியின் பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போய் அமர்ந்தார்.

ஆறாவதாக வந்த சிறுமி ஐந்தாம் வகுப்பு. இலக்கியா என்று பெயர். இரட்டைப் பின்னல், தெளிவான குரல். பதின்மூன்றாம் வாழ்க்கையை ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பித்தாள். ஒப்பித்ததோடு நில்லாமல் நடித்தும் காட்டினாள். காவலாளி வரும் இடத்தில் இரு கைகளையும் வெடவெடவென நடுக்கி, முழங்கால்கள் முட்டிக்கொள்ள, பின்னோக்கி நான்கடி நடந்தாள். பந்தல் முழுவதும் சிரித்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "மாமா! கை நடுங்குதா பாத்துக்க! டீ கிளாச கீழ போட்றாத!" டீக்கடைக் கண்ணாயிரத்தின் குரல் அது.

தாட்சாயிணி திரும்பிப் பார்த்தார். கண்ணாயிரத்துக்கு இரண்டு நாற்காலி தள்ளிக் கொளஞ்சி அமர்ந்திருந்தார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். சிறுமி வணங்கியபோது எல்லாரும் கைதட்டினார்கள். கொளஞ்சிக்கு வலக்கை உயரவில்லை. இடக்கையால் தொடையில் தட்டினார்.

போட்டியில் அந்தச் சிறுமியே சிறந்தவள் என்பதில் ஐயமில்லை. முதற்பரிசு என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தபோது, பேனாவைப் பிடித்திருந்த தம் விரல்களையே தாட்சாயிணி பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கொளஞ்சியைப் பிடித்தார்.

"உங்க பேத்தியா?"

"மக வயித்துப் பேத்தி. நல்லா செஞ்சா இல்ல? கை நடுங்குற எடத்துல எனக்கே சிரிப்பு தாங்கல."

"அவளுக்குத் தெரியுமா, அந்தக் காவலாளி..."

"ஏரிக்கு லஸ்கர் ஒருத்தன்தான டீச்சர்? புக்கு கையில குடுத்த அன்னைக்கே வந்து கேட்டுடுச்சி. தாத்தா, நீ ஏன் பயந்தன்னு."

"என்ன சொன்னீங்க?"

"தண்ணி ஜாஸ்தி, அதான் பயந்துட்டேன்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க? பொய்யின்னு சொல்லியிருக்கலாமே!"

கொளஞ்சி அவரை வியப்போடு பார்த்தார். "பள்ளிக்கூடத்துல குடுத்த புக்க பொய்யின்னு சொன்னா, அப்பறம் எந்தப் பாடத்த நம்பும் அந்தப் புள்ள?"

தாட்சாயிணி அங்கிருந்து கிளம்பினார். பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து சிதம்பரம் வரையில் அழுதுகொண்டே வந்தார். அன்று மாலை, பன்னிரண்டு வாழ்க்கைகளையும் எடுத்து மறுபடி படித்தார். முன்பு கண்ணில் படாதவர்கள் இப்போது வரிசையாக வந்து நின்றார்கள். கோட்டைக் கதவருகே உறங்கிவிட்டதாக ஒரு காவலன். கடிதத்தைத் தாமதமாகக் கொண்டுவந்ததாக ஓர் அடிமை. கப்பலைத் திருப்ப அஞ்சியதாக ஒரு மாலுமி. தலைவனின் பெருமை ஒளிர வேண்டிய இடங்களிலெல்லாம் பெயரற்ற ஒருவன் தலைகுனிந்து நின்றான். இவர்களுள் எத்தனை பேர் உண்மையில் கதவைத் திறந்தவர்கள்? எத்தனை பேருக்குப் பேத்திகள் இருந்தார்கள்?

அடுத்த வாரமே பழனிவேலைப் பார்க்கப் போனார். அப்போது அவர் பதவியில் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நூலின் அந்தப் பகுதியைத் திருத்தி அச்சிட வேண்டும் என்றார் தாட்சாயிணி.

பழனிவேல் கோபப்படவில்லை. தம் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "டீச்சர், சத்தியமா சொல்றேன். நீங்க எழுதுனத படிச்சிப் படிச்சி, அந்தச் சக்கரத்த நானே சுத்துன மாதிரி கையில காப்பு காய்ச்சிப் போச்சி. இப்பப் போயி இல்லைன்னா எப்பிடி? எலெக்‌ஷன் முடியட்டும். அப்பறம் உங்க இஷ்டப்படி பண்ணுவோம்."

"கொளஞ்சி பாவம்."

"அவனுக்கு இன்னா டீச்சர்? அவன் பேரே அதுல இல்லையே!"

தம்முடைய சொந்த நியாயத்தைப் பிறர் வாயால் கேட்டபோது அது எவ்வளவு இழிந்தது என்று தாட்சாயிணிக்குப் புரிந்தது. ஆயினும் எழுந்து வந்துவிட்டார். காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதியிருக்கலாம். பள்ளிகளுக்குத் தாமே கடிதம் அனுப்பியிருக்கலாம். கொளஞ்சிக்கு மெமோ வந்துவிடும் என்று அஞ்சியதாகச் சொல்லிக்கொண்டார். மறு ஆண்டு கொளஞ்சி ஓய்வு பெற்றார். அந்தக் காரணமும் போயிற்று. அப்போதும் எழுதவில்லை. தம் பெயரில் வெளிவந்த ஒரே நூல் பொய்யானது என்று ஊரறியச் சொல்ல அவருக்கு நா எழவில்லை என்பதுதான் உண்மை.

தேர்தல் வந்தது. பதின்மூன்றாம் வாழ்க்கையின் அந்தப் பக்கம் துண்டறிக்கையாக வீடு வீடாகப் போயிற்று. பழனிவேல் வென்றார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றின் ஐப்பசி மழையில் ஏரி மறுபடி நிரம்பியது. அப்போது பழனிவேல் குடை பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றாராம். தெற்கு மதகை உரிய நேரத்தில் திறக்கச் சொல்லி அதிகாரிகளை விரட்டினாராம். ஊரார் எதிர்பார்த்ததனால் வேறு வழியில்லாமல் நின்றார் என்று கேள்வி. தாட்சாயிணி அச்செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டார். கண்ணாடி வேலை செய்துவிட்டது. பொய்யிலிருந்து ஒரு நன்மை முளைத்துவிட்டது என்று ஏறத்தாழ ஓராண்டு நிம்மதியாக இருந்தார். பிறகுதான், பழனிவேல் கரும்பை விட்டுச் சவுக்குக்கு மாறி இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதும், சவுக்குக்குச் சில நாள் தண்ணீர் பெரிய கேடில்லை என்பதும் அவருக்குத் தெரியவந்தன.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு, ஆவணி. கீரனேந்தல் பள்ளித் தலைமையாசிரியை ஒரு விழாவில் பேச்சுவாக்கில் சொன்னார்: பழைய லஸ்கருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாம், கடலூர் மருத்துவமனையில் ஒரு மாதம் இருந்துவிட்டு, இனிப் போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

தாட்சாயிணி வீட்டுக்குப் போனதும் எழுத அமர்ந்தார். எட்டு ஆண்டுகளாக எழுதாததை இரண்டு நாள்களில் எழுதினார். 'இந்நூலின் பதின்மூன்றாம் வாழ்க்கையில் நான் பொய் எழுதினேன்' என்று தொடங்கியது அது. தம் பெயரைப் போட்டார்; பழனிவேலின் தொலைபேசிச் சொற்களைப் போட்டார்; கொளஞ்சியின் பெயரைத் தலைப்பிலேயே போட்டார். நான்கு பக்கங்கள். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் அவரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று கீரனேந்தலுக்குக் கிளம்பினார். கொளஞ்சி இறந்தது அதற்குப் பன்னிரண்டாம் நாள்.

தெற்குத் தெருவில் வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய தொகுப்பு வீட்டின் முன்னறையில் கட்டிலில் கிடந்தார். கால்கள் வீங்கியிருந்தன, முகம் மட்டும் சிறுத்திருந்தது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் இலக்கியா அருகில் அமர்ந்து, அளந்த தண்ணீரைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். எனக்கு இன்னிக்கு அரை லிட்டர்தான். ஏரியையே காத்தவனுக்கு ரேஷன் பாத்தீங்களா?" என்றார் கொளஞ்சி.

தாட்சாயிணி சிரிக்கவில்லை. நாற்காலியில் அமராமல் நின்றபடியே, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "இலக்கியா, நீ சின்ன வகுப்புல ஒப்பிச்சியே, அந்தக் காவலாளி. அவர் பின்வாங்கல. மதகைத் திறந்தது உங்க தாத்தா. சேர்மன் வேண்டாம்னு சொல்லியும் திறந்தார். எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சே மாத்தி எழுதினேன்."

இலக்கியாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "தெரிஞ்சேவா மிஸ்?"

"ஆமாம்."

"எத்தினி பேரு சிரிச்சாங்க தெரியுமா? நானே நடிச்சிக் காட்டுனேன் மிஸ். வீட்டுக்கு வந்தவங்க முன்னாடியெல்லாம் நடிச்சிக் காட்டுனேன். இவரு உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாரு." அவள் தாத்தாவின் பக்கம் திரும்பினாள். "நீயாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நல்லா நடிச்சியே பாப்பா. எதுக்குக் கெடுக்கணும்?" என்றார் கொளஞ்சி.

அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள். தாட்சாயிணி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அந்தச் சொல் அந்த அறைக்குப் போதாது என்று தோன்றியது. "எழுதி எடுத்து வந்திருக்கேன். கேக்கறீங்களா?" என்று மட்டும் சொன்னார்.

கொளஞ்சி கண்ணை மூடிக்கொண்டார். தாட்சாயிணி படிக்கத் தொடங்கினார். குரல் முதலில் தடுமாறியது, பிறகு தெளிந்தது. சேர்மனின் சொற்கள் வந்த இடத்தில் கொளஞ்சியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. கரை கசிந்தது வந்தது, கடப்பாறை வந்தது. 'தம் வீடும் அதே திசையில் இருப்பதை அறிந்தும், அணுவளவும் அஞ்சாது, நொடியும் தாமதியாது, கொளஞ்சி சக்கரத்தில் கை வைத்தார்' என்று படித்தபோது, அவர் கண் திறந்தது.

"டீச்சர், இருங்க."

"என்ன?"

"பயந்தேன்னு மொதல்ல எழுதுனீங்களே, அது பொய் இல்ல."

தாட்சாயிணி தாளைத் தாழ்த்தினார். "யாருக்குப் பயந்தீங்க? சேர்மனுக்கா?"

"அவருக்கு எதுக்குப் பயப்படறது? மதகு ஷட்டருக்கு நேர் எதிர்க்க, தெக்குத் தெரு மொத வீடு விருத்தாம்பாளோடது. மண்சொவரு. தனிக்கட்ட. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயாச்சி, அது மட்டும் வரமாட்டேன்னு உள்ள தாப்பா போட்டுக்கிட்டு உக்காந்துடுச்சி. தொறந்தா தண்ணி மொதல்ல அங்கதான் போவும். எங்கூட கரையில நின்ன பக்கிரிய அனுப்புனேன், தூக்கிக்கிட்டாவது வாடான்னு. நான் சக்கரத்துல கைய வெச்சிக்கிட்டு நிக்கறேன். கால் மணி நேரம். அவன் வரல. கர கசியுது. கை நடுங்குச்சி டீச்சர். பாப்பா நடிச்சிக் காட்டுச்சே, அதே மாதிரி நடுங்குச்சி. அதுக்கு மேல நிக்க முடியாதுன்னு, அவுங்க வந்தாங்களா இல்லையான்னு தெரியாமலே தொறந்துட்டேன்."

"அவங்க..."

"பக்கிரி கொல்லப்பக்கமா தூக்கிக்கிட்டு வந்துட்டான். உசுரு தப்பிச்சிது. வீடு, ரெண்டு பசு, பொட்டி, எல்லாம் போச்சி. திருவதிகையில தங்கச்சி வீட்டோட போயி கெடக்குது. ஒரு தடவ கூட நான் போயி பாக்கல. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போவ?"

மூச்சு வாங்கியது. தாட்சாயிணி தண்ணீர்க் கரண்டியை எடுத்தார். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

மடியிலிருந்த நான்கு பக்கங்களையும் தாட்சாயிணி பார்த்தார். இந்த முறையும் அதையே செய்திருந்தார். ஒருவரை உயர்த்த இன்னொருவரை இல்லாமலே ஆக்கியிருந்தார். பேனாவை எடுத்து, அணுவளவும் அஞ்சாது என்ற சொற்களின் குறுக்கே கோடு கிழித்தார்.

"நடுங்கினதை எழுதறேன். விருத்தாம்பாள் பேரையும் எழுதறேன்" என்றார்.

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு." கொளஞ்சி இடக்கையை ஊன்றி எழுந்திருக்க முயன்றார், முடியாமல் அப்படியே சாய்ந்துகொண்டார். "அந்தப் புக்க விருத்தாம்பாளுக்கு யாரோ படிச்சிக் காட்டியிருக்காங்க. அதுலேருந்து, என் வீட்ட தண்ணியில அடிச்சவன் நல்லா இருப்பானான்னு சேர்மனத்தான் காலையில எழுந்ததும் திட்டுதாம். எட்டு வருசமா தப்பான ஆளத் திட்டிக்கிட்டுக் கெடக்குது. அந்தத் திட்டு எனக்கு வரவேண்டியது டீச்சர். அச்சடிக்கறது அப்பறம் இருக்கட்டும். நீங்க நேரா திருவதிகைக்குப் போங்க. தொறந்தது கொளஞ்சிதான், நீ வெளிய வந்தது தெரியாமலே தொறந்தான்னு அதுங்கிட்ட சொல்லுங்க. அது என்னைத் திட்டும். திட்டட்டும். இன்னா இன்னா சொல்லித் திட்டுச்சின்னு, ஒரு வார்த்த விடாம, திருத்தாம, அப்படியே எங்கிட்ட வந்து சொல்லுங்க."